வெளியே நிற்க வேண்டிய ஆள் நீ

என் மச்சான் சகாயத்துக்கு, இன்னும் ஆறாத கோபத்தோடும் குறையாத பாசத்தோடும் எழுதுவது.

உன் படத்தை ரொம்பப் பெரிதாகப் போட்டார்கள் மச்சான். சிறுசேரியில் நீ வேலை பார்த்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் வாசலில், ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு ஃபிளெக்ஸ். முட்டுக்காடு படகுத்துறையில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீ எடுத்துக்கொண்ட படம். பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டார்கள். உன் தோளின்மேல் என் கை மட்டும் மிச்சம் இருந்தது. கீழே, 'தன்னுயிர் ஈந்து சக ஊழியரைக் காத்த வீரத்திருமகன்' என்று எழுதியிருந்தார்கள்.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, வயிறு எரிந்தது. ஏன் எரிந்தது என்று உன்னிடம் சொல்ல வேண்டும். மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நீ படிக்கப் போவதில்லை, தெரியும். உயிரோடு இருந்தபோதே நான் எழுதியது எதையும் நீ படித்ததில்லை.

நம்மைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் மேலே படிக்கப் போனேன், நீ பிளம்பர் வேலைக்குப் போனாய். நான் விடுதியில் இருந்த சமயம் பார்த்து என் தங்கை ஸ்டெல்லாவிடம் பேசி, கல்யாணம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வெகுநாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். கடைசியில் நீதான் வந்து, "இன்னா மச்சான், மொறப்பு போதும், வூட்ல கோழி அட்ச்சி வெச்சிக்கீது, வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாய். அதையும் நான் முழுசாக மன்னிக்கவில்லை. சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

நீ அந்தக் குடியிருப்பில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மேஸ்திரி ஆனாய். நான் வேலைத்தளப் பாதுகாப்பு பற்றிப் படித்து, அதையே பிழைப்பாக்கிக்கொண்டேன். வேலை செய்யும் இடத்தில் மனிதன் ஏன் சாகிறான், சாகாமல் வீடு திரும்ப என்ன செய்யலாம் என்று உலகத்தில் எத்தனையோ பேர் ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். அதை நம் ஊர்ப் பட்டறைக்கும் தொட்டிக்கும் கொண்டுவந்து சேர்ப்பதுதான் என் வேலை. மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். அதிகம் பேசுகிறேன் என்று வெளியே அனுப்பினார்கள். இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். என் பாடத்துக்கு மாணவர்கள் சேருவதில்லை என்று முதல்வர் பார்க்கும்போதெல்லாம் ஞாபகப்படுத்துகிறார். என்னை வெளியே அனுப்பினவர்களையும் இந்த முதல்வரையும் நான் மறப்பதாக இல்லை. நீ எனக்கு வைத்த பேர் 'சேஃப்டி'. "யோவ் சேஃப்டி, ஹெல்மெட் போட்டுக்கினு சோறு துன்னு, முருங்கக்கா தலையில வுழுந்துறப் போவுது" என்பாய். ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

உங்கள் ஒப்பந்த கம்பெனிக்கு நான் பயிற்சி எடுக்க வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பம்பு அறைக்கு வெளியே, வேப்பமர நிழலில், பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் வரிசையில் நீ, உன் பக்கத்தில் வேலு, பின்னால் குமார். மூடிய தொட்டிக்குள் விஷவாயு எப்படித் தங்குகிறது என்று சொன்னேன். அழுகிய முட்டை வாசனை வரும், வாயு அதிகமானால் அந்த வாசனையே மூக்குக்குத் தெரியாமல் போய்விடும் என்று சொன்னேன்.

"அதுக்கு இன்னா, நாத்தம் போயிட்சின்னா சென்ட்டு அட்ச்சிக்கினு எறங்கலாமா?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள்.

"நாத்தம் போனா, அடுத்தது நீ போற" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு நான் முக்கியமானதைச் சொன்னேன். உள்ளே ஒருவன் மயங்கி விழுந்தால், அவனைத் தூக்க இறங்குகிறவனும் சாகிறான், அவனைத் தூக்க இறங்குகிறவனும் சாகிறான், எந்த நாட்டில் எடுத்துப் பார்த்தாலும் இதுதான் நடக்கிறது, ஆகவே வெளியே நிற்கிற ஆள் எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது என்றேன். அப்போது நீ சிரிக்கவில்லை. எழுந்து நின்றாய்.

"மச்சான், கூட வேல பாக்கறவன் உள்ள கெடக்கறான். நானு மேல நின்னு போன் பண்ணிக்கினு கீறதா? நாளைக்கி அவன் பொண்டாட்டி மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

"நிக்கணும். நின்னு கத்தணும். ஆளைக் கூப்பிடணும்."

"நின்னவன்னு பேரு வாங்கறதுக்கு உள்ள போயிடலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். வேலு உன் தோளைத் தட்டினான். நான் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

எங்கள் புத்தகங்கள் இதை 'பதற்றத்தில் எடுக்கும் முடிவு' என்று எழுதுகின்றன. எழுதியவர்களுக்கு நம் காலனியைத் தெரியாது. நம் அப்பன்கள் அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு இறங்கிய காலத்தில், கிணற்று வேலையில் நம்மாள் ஒருவன் சரிந்து விழுந்தால் ஊர்க்காரன் கரையில் நின்று பார்ப்பான். தொட்டுத் தூக்க மாட்டான். நம்மாள்தான் குதிக்க வேண்டும். குதித்துக் குதித்து அது நமக்கு மானம் ஆகிவிட்டது. 'நின்னவன்' என்பது நம் தெருவில் கெட்ட வார்த்தை. நிலத்தைவிட்டு வெளியே வந்தோம், சம்பளத்துக்குப் போனோம், பிள்ளைகளை நர்சிங் படிக்க வைத்தோம். அந்த வார்த்தையை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். பாடம் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரியும். கேட்டுக்கொண்டிருந்த உனக்கும் தெரியும். அப்புறம் என்ன மச்சான் பாடம்?

அன்றைக்கு நடந்ததை இப்போது எழுதுகிறேன். ஸ்டெல்லாவைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பம்பில் துணி சிக்கிக்கொண்டது. உறிஞ்சும் லாரி வர நேரமாகும் என்றார்கள். மாடியில் குடியிருப்பவர்கள் போன்மேல் போன் போட்டார்கள். வேலு இறங்கினான், இடுப்பில் கயிறில்லை. வாயு அளக்கும் கருவி உங்கள் கம்பெனி மேனேஜரின் மேஜை இழுப்பறையில் கிடந்தது. வெளியே நிற்க வேண்டிய ஆள் நீ. வேலு பாதி ஏணியிலேயே மயங்கி, ஏணிக்குக் கீழே இருந்த சிமெண்டு மேடையில் விழுந்தான். நீ அவன் பேரைச் சொல்லிக் கத்தினாய், செருப்பைக் கழற்றினாய், குதித்தாய். தோட்டக்காரர் ஒருவர் தூரத்திலிருந்து பார்த்தது அவ்வளவுதான். நீ ஏதோ சாமான் எடுக்க இறங்கியிருக்கிறாய் என்று நினைத்து அவர் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கத்துவதற்கு ஆள் இல்லை மச்சான். கத்த வேண்டியவனும் உள்ளே இருந்தான். தொட்டி வாயில் இரண்டு ஜோடி செருப்பு கிடப்பதைக் காவலாளி பார்க்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு இறங்கினார்கள். வேலு மேடையில் கிடந்தான், திறந்திருந்த மூடி வழியாக வந்த காற்று கொஞ்சம் அவன் முகத்தில் பட்டிருக்கிறது. பிழைத்தான். நீ மேடையைத் தாண்டிக் கழிவுத் தண்ணீரில் கிடந்தாய். இறங்கி உன்னைத் தூக்கியவர் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் தனியாகச் சொன்னார்: "சார், உங்காளு அவர்கிட்டயே போய்ச் சேரல."

நீ அவனைக் காப்பாற்றவில்லை சகாயம். அவனைத் தொடக்கூட இல்லை. நீ மேலே நின்று கத்தியிருந்தால் அவன் இன்னும் சீக்கிரம் வெளியே வந்திருப்பான். நீ இந்நேரம் என்னைக் கிண்டல் செய்துகொண்டிருப்பாய்.

இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். வேலு அந்த வேலையை விட்டுவிட்டுக் கேளம்பாக்கத்தில் இட்லி வண்டி போட்டிருக்கிறான். உன் கல்லறைக்கு மெழுகுவத்தி கொண்டுவராத ஞாயிறு கிடையாது. அவனிடம் போய் என்னவென்று சொல்வேன்?

உன்மேல் எனக்குள்ள கோபத்தைச் சொல்லிவிட்டேன். அதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது. நீ செத்த மறுவாரம் நான் உங்கள் சாமான் அறையைத் திறக்கச் சொன்னேன். அங்கே ஒரு சாமான் நின்றது: மூன்று கால், மேலே கப்பி, அதில் கம்பிக்கயிறு, பக்கத்தில் கைப்பிடி வைத்த விஞ்சு. தொட்டிக்குள் இறங்குகிறவன் இடுப்பு பெல்ட்டில் கயிற்றை மாட்டிவிட்டால், மயங்கினாலும் மேலே இருக்கிறவன் நின்ற இடத்திலிருந்தே சுற்றித் தூக்கலாம். நான் எழுதிக் கொடுத்து, நான் சண்டை போட்டு வாங்க வைத்த சாமான். வந்த அன்றைக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. உறைக்குமேல் சந்தனம், குங்குமம், காய்ந்த மாலை. ஆயுத பூஜைக்குப் படையல் போட்டிருக்கிறார்கள்! உன்னோடு வேலை பார்த்தவர்கள் அதைக் கும்பிட்டிருக்கிறார்கள், நீயும்தான் கும்பிட்டிருப்பாய், சகாய மாதா படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. ஒருவரும் அதை வெளியே எடுக்கவில்லை.

"காஸ்ட்லி அயிட்டம் சார். ஆளுங்க கையில குடுத்தா ஒடச்சிடுவாங்க. ஆடிட்டுக்கு வர்றவங்களுக்குக் காட்டணும்ல" என்றார் மேனேஜர்.

ஆளை உடைத்துவிட்டீர்களே என்று நான் கேட்டேன். அவர் காதில் போன் வைத்துக்கொண்டார். தொழிற்சாலை ஆய்வாளரைக் கூட்டிவந்து, அவர் கண்முன்னாலேயே அந்த உறையைக் கிழித்தேன். இனி அந்தக் கம்பெனி பார்க்கிற எந்த இடத்திலும் கயிறு மாட்டாமல் ஒருவன் தலையைக்கூட உள்ளே விடக் கூடாது என்று எழுதி வாங்கினேன். எத்தனை தடவை அந்த அலுவலகப் படி ஏறினேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். ஏறும்போதெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டேதான் ஏறினேன்.

பிறகுதான் விருது வந்தது. மார்ச்சில் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்களே, அதில் வருஷா வருஷம் உன் பேரில் வீர விருது. ஆபத்தில் உயிரைப் பணயம் வைத்து உதவிய ஊழியருக்கு. மேனேஜர் எனக்குப் போன் செய்து சொன்னபோது குரலில் அப்படி ஒரு நெகிழ்ச்சி. நான் வேண்டாம் என்றேன். "ஃபேமிலி ஒத்துக்கிட்டாங்களே சார்" என்றார்.

அன்றைக்கே உன் வீட்டுக்குப் போனேன்.

"இன்னாண்ணா, அவரு பேர்ல ஒரு விருது குட்த்தா ஒனக்கு இன்னா கஸ்டம்?" என்றாள் ஸ்டெல்லா. "செத்தவரு பேரு எங்கியாச்சும் ஒரு எடத்துல இருக்கட்டுமே."

"அந்தப் பேரைப் பாத்து நாளைக்கு இன்னொருத்தன் குதிப்பான் ஸ்டெல்லா."

"குதிக்கட்டும். குதிக்கறவன் ஒருத்தன் இருந்ததாலதான் வேலு இன்னிக்கி பொண்டாட்டி கையால சோறு துன்றான். நீ புக்குல படிக்கிறவன். ஒனக்கு அது புரியாது."

உண்மை வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அவளுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொள்ள எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். விருது வரட்டும், வந்து தொலையட்டும் என்று திரும்பி வந்தேன்.

அப்போதுதான் குமார் விஷயம் நடந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ரிசார்ட். அங்கேயும் உங்கள் கம்பெனிதான். ரவி என்கிற புதுப்பையன் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறான், இடுப்பில் பெல்ட்டு, பெல்ட்டில் கயிறு. மேலே விஞ்சுப் பக்கத்தில் குமார். உள்ளே எங்கிருந்தோ வாயு கிளம்பி ரவி சாய்ந்துவிட்டான். குமார் இறங்கவில்லை. கத்திக்கொண்டே கைப்பிடியைச் சுற்றினான். ரவி வெளியே வந்தான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனான்.

யாரும் சாகவில்லை. அதனால் பத்திரிகையில் வரவில்லை. ஃபிளெக்ஸ் வரவில்லை. நம் காலனி டீக்கடையில் வந்ததைச் சொல்கிறேன், கேள். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா குமாரு, கெணத்துல தண்ணி எறைக்கிறா மாரி ஆள எறச்சியாமே?"

"கையி வலிக்குதா அண்ணாத்த? தைலம் வாங்கியாரட்டா?"

"உள்ள ஒருத்தன் சாவறான், இவரு ஸோக்கா நின்னுகினு சுத்தறாரு. சகாயம் அண்ணாத்தையா இருந்தா இந்நேரம் பாஞ்சிருப்பாரு. அவரு ஆம்பள."

குமார் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தான்.  "டேய், சகாயம் கல்லறையில இருக்கான்டா. இவன் தூக்கின பையன் வீட்டுல இருக்கான். கணக்குக்கூடத் தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது: "புரொபசரே, செத்தும் மச்சானுக்குப் பேரு வருதேன்னு ஒனுக்குப் பொறாம." கடையே சிரித்தது.

குமார் பின்னாலேயே போனேன். சாக்கடைப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தான். "நானும் குதிக்கத்தான் பாத்தேன் சார்" என்றான். "கால் ரெண்டும் மூடி ஓரத்துக்கு வந்திட்ச்சி. கையில கயிறு இர்ந்திச்சி, இழுத்தா வருவான்னு தெரிஞ்சிது, அதான் நின்னேன். அது இல்லாங்காட்டி நானும் போயிருப்பேன். இப்ப வூட்லயே கேக்கறாங்க, நீ ஏன் எறங்கலன்னு."

அந்த இடத்தில்தான் மச்சான், இத்தனை வருஷம் படித்ததில் பாதி எனக்குப் புரிந்தது. இறங்காதே என்று சொல்லி எவனையும் நிறுத்த முடியாது. உள்ளே கிடக்கிறவனுக்காக வெளியே நிற்கிறவன் கை ஏதாவது செய்தாக வேண்டும். அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுத்தால் கால் நிற்கும். உன் கைக்கு ஒன்றும் கொடுக்காமல் நிற்கச் சொன்னோம். நீ எழுந்து நின்று கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு அறைக்குள் பூட்டிக் கிடந்தது.

இனி உன் பேரை வைத்து, செய்ய வேண்டியதைச் செய்த ஒருவனை அடிப்பார்கள் என்றால், நான் சும்மா இருக்க முடியாது. மேனேஜரிடம் போய், முதல் விருதைக் குமாருக்குக் கொடுங்கள் என்றேன்.

"அவரு ஒண்ணும் பண்ணலையே சார்" என்றார். "கையைச் சுத்துனாரு. அது டூட்டி. விருதுன்னா ஒரு தியாகம் வேணாமா?"

"தியாகம்தான் வேணும்னா அடுத்த தடவை நீங்க இறங்குங்க. நானே வந்து மாலை போடறேன்."

அவர் முகம் சுருங்கியது. கடைசியில், விருதைக் கொடுக்கப் போவது உங்கள் தங்கைதான், அவர்கள் சரி என்றால் கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லை என்று நழுவினார். ஸ்டெல்லா ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

அவர் நினைத்தபடியேதான் ஆயிற்று. "நின்னவனுக்கு அவரு பேர்ல விருதா?" என்றாள். அரிவாள்மணையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். அப்போது சொன்னேன். மேடை, தண்ணீர், செருப்பு, தீயணைப்புக்காரர் சொன்னது, அவ்வளவையும் சொன்னேன்; பூட்டிய அறையைப் பற்றி மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அவள் கை நிற்கவில்லை. மீனின் செதிலை வழித்துக்கொண்டே இருந்தாள், செதில் தீர்ந்த பிறகும்.

"அப்ப அவரு சும்மாவா செத்தாரு?"

 இதற்கு உன்னிடமாவது பதில் இருக்கிறதா?

"எந்திரிச்சிப் போண்ணா" என்றாள். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."

விழாவுக்கு அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள். உன் மகள் ஜெனி கூட வந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள், என் பக்கம் திரும்பவில்லை. கிளப் ஹாலில் குடியிருப்புக்காரர்கள், ஊழியர்கள், மேடையில் குத்துவிளக்கு. முன்னால் கண்காட்சிக்கு அந்த மூன்றுகால் சாமானை நிறுத்தி, அதற்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். மேனேஜர் உன்னைப் பற்றி நீளமாகப் பேசினார். பேசி முடித்து, விருதாளரை அறிவிக்கும்படி ஸ்டெல்லாவை அழைத்தார். கேடயத்தை அவள் கையில் கொடுத்தார்கள்.

அவள் மைக்கில் ஒரே ஒரு பேர்தான் சொன்னாள். "குமாரு, வா."

பின் வரிசையில் யாரோ சீழ்க்கை அடித்தார்கள், நல்ல சீழ்க்கை இல்லை. குமார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து கையை நீட்டினான். ஸ்டெல்லா கேடயத்தைக் கொடுக்கவில்லை.

"இரு. எப்டி பண்ணன்னு மொதல்ல காட்டு."

"அதுக்கு ஆளு வேணுமேக்கா."

அவள் மேடையைச் சுற்றிப் பார்த்தாள். "சார் கீறாரே."

ஹால் சிரித்தது. மேனேஜர் உன்னைப் போல ஒன்றரை ஆள். இத்தனை பேர் முன்னால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. சிரித்துக்கொண்டே இறங்கி வந்து பெல்ட்டு மாட்டிக்கொண்டார். குமார் கயிற்றைக் கொக்கியில் போட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தான்.

"நீ வுடு" என்றாள் ஸ்டெல்லா. "நானு."

"ஒரு கையி போதும்க்கா. மெதுவா சுத்துங்க, தானா புட்ச்சிக்கும்."

ஒரு கையில் கேடயத்தை வைத்துக்கொண்டே மறு கையால் சுற்றினாள். கயிறு இறுகியது. மேனேஜரின் பளபளப்பான ஷூ தரையைவிட்டுக் கிளம்பியது. கைதட்டினார்கள். இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். மேனேஜர் காற்றில் மெதுவாகத் திரும்பிக்கொண்டே எல்லோருக்கும் கையசைத்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அவர் முழங்கால் அவள் கண் மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். தன் கையைப் பார்த்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.

குமார் தலையாட்டினான்.

"இது அன்னிக்கி இங்க இர்ந்திச்சா?"

மேனேஜர் அசைப்பதை நிறுத்திக்கொண்டார். குமார்தான் சொன்னான். "இர்ந்திச்சிக்கா. ரூம்புல."

அவள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள், அத்தனை நாளுக்குப் பிறகு. "அண்ணா" என்றாள். மைக் பக்கத்தில் இருந்ததால் ஹால் முழுக்கக் கேட்டது. "அவரு கையி என் கைய விட பலமாச்சேண்ணா."

கேடயத்தைக் குமார் கையில் வைத்தாள். ஜெனியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். மேனேஜரை இறக்கிவிட வேண்டும் என்று கொஞ்ச நேரம் ஒருவருக்கும் தோன்றவில்லை. சீழ்க்கை அடித்தவன் எழுந்து வந்து குமாரின் கைப்பக்கத்தில் நின்றுகொண்டு, "எப்டி சுத்தற, காட்டு" என்றான்.

நானும் அவர்கள் பின்னாலேயே கிளம்பினேன். திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகிற பஸ்ஸில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே இருக்கை கிடைத்தது.  திருப்போரூர் தாண்டியதும் ஸ்டெல்லா, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "வேலுகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள். "நீ எழுது. ஒண்ணு வுடாத எழுது. அந்த ரூம்பையும் எழுது."

எழுதிவிட்டேன்.

உன் ஃபிளெக்ஸை இறக்கச் சொல்லிவிட்டாள். 'வீர விருது' என்கிற பேரை மாற்றச் சொல்லியிருக்கிறாள். மாற்றாவிட்டால் அதிலிருந்து உன் பேரை எடுத்துவிடுவேன் என்று அவளே மேனேஜரிடம் சொன்னாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் பயிற்சிக்குப் போகும் இடத்துக்கு அவளும் வருகிறாள். நெம்மேலிப் பக்கம் ஒரு இடத்துக்கு, கேளம்பாக்கத்தில் ஒரு இடத்துக்கு வந்தாள். நான் பேசுவதை ஒருவனும் கேட்பதில்லை, வழக்கம்போல. அவள் இருப்பதிலேயே தடியான ஆளாகப் பார்த்துக் கூப்பிட்டு, பெல்ட்டு மாட்டி, ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டுகிறாள். அப்புறம் ஒவ்வொருத்தனையும் சுற்ற வைக்கிறாள். "என் வூட்டுக்காரரு குதிச்சிப் போனவரு. நீங்க சுத்துங்கடா" என்கிறாள். அங்கே ஒருவனும் சிரிப்பதில்லை.

நீ சும்மா செத்தாயா என்கிற கேள்விக்கு இன்னும் பதில் தெரியவில்லை மச்சான். அதற்கு நல்லதாக ஒரு பதில் ஜோடித்துக் கொடுத்து உன்னைப் புனிதராக்க எனக்கு மனசில்லை. நீ சாகாமல் இருந்திருக்கலாம். அதைத் தவிர வேறு எதையும் நான் உன் கல்லறையில் எழுத ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். சிறுசேரியிலிருந்து மாமல்லபுரம்வரை, இந்தச் சாலையில் மூடி போட்ட தொட்டி எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் போவேன். பூட்டிய அறை இருந்தால் திறக்க வைப்பேன். என்னை வெளியே அனுப்புவார்கள், திரும்பவும் போவேன். உன் பேரைச் சொல்லிக்கொண்டு இனி ஒருவன் உள்ளே குதிக்க நான் விடமாட்டேன். உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தின்மேல் சத்தியம். அந்தக் கோபம் ஆறாமல் இருக்கும்வரை நான் ஓயமாட்டேன். அது ஆறுகிற வழியாகத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன்னை மன்னிக்காத உன் மச்சான்,
ஸ்டெல்லாவின் அண்ணன்,
இஞ்ஞாசி